ரேஸ் இறங்காத வண்டி

எங்கள் பக்கம் பைக் மெக்கானிக் கடை பெருகியதே டிவிஎஸ் 50 வந்த பிறகுதான் என்பது என் கணக்கு. அதற்கு முன்னால் விழுப்புரத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் திருவொற்றியூர் புல்லட், மைசூர் ஜாவா. வைத்திருந்தவர்கள் காண்ட்ராக்டரும் மிராசுதாரரும். 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்ததும், மல்லாட்டை மூட்டையோடு மார்க்கெட் கமிட்டிக்குப் போகிறவரெல்லாம் வண்டிக்காரர் ஆனார். செம்மண் புழுதியும் கலப்பட பெட்ரோலும் சேர்ந்து கார்பரேட்டரை அடைத்தன. எங்களுக்குச் சோறு போட்டது அந்த அழுக்குதான்.

1985இல் யமஹா ஆர்எக்ஸ் 100, ஹீரோ ஹோண்டா சிடி 100 இரண்டும் வந்தன. நான் திண்டிவனத்தில் தொழில் பழகியது அந்த வண்டிகளில். ஆர்எக்ஸில் இருந்தது மிகுனி கார்பரேட்டர். மிகுனியோடு கூட்டுச் சேர்ந்த யூகால் கம்பெனி மறைமலை நகரில், எங்கள் ஜிஎஸ்டி ரோட்டிலேயே இருந்தது. ஆனாலும் ஜெட், பேக்கிங் வாங்க மெட்ராஸ் ஜிபி ரோட்டுக்குத்தான் ரயிலேற வேண்டும்.

அந்தக் காலத்தில் பையன் தொழில் கற்றுக்கொண்டானா என்று பார்க்க ஒரே பரீட்சைதான். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவுவது யாருக்கும் வரும். மாட்டி உதைத்ததும் வண்டி ‘ஙொய்ங்’ என்று கத்தும், ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்காது. அப்போது பையன் கை முதலில் எங்கே போகிறது என்று மாஸ்டர் பார்ப்பார். நேராக ஸ்லோ ஸ்க்ரூவுக்குப் போனால் திட்டு விழும்.

“டேய், ஹேண்டில திருப்பிப் பாருடா மொதல்ல.”

“திருப்பினா ரேஸ் ஏறுதுண்ணா.”

“அப்ப கேபிள்ள ஆட்டமே வெக்கல நீ. லூஸ் பண்ணு.”

கேபிள் சரியாக இருந்தால் அடுத்தது கார்பரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஸ்லைடு. அதன் அடிப்பக்கத்தில் ஒரு புறம் சரிவாக வெட்டியிருக்கும். அந்த வெட்டு ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஸ்லைடு அடிவரை உட்காராது, இன்ஜின் அலறும். மூடியைத் திருகுவதற்கு முன்னால் ஸ்லைடின் காடி உள்ளே இருக்கும் பின்னில் விழுந்ததா என்று விரலால் லேசாகத் திருப்பிப் பார்ப்போம். ‘டக்’ என்று உட்காரும். அது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.

அதுவும் சரி என்றால் ஏர் பிடிக்கிறது என்று அர்த்தம். சிடி 100இல் பெரும்பாலும் ஓ-ரிங்தான் காரணம். பெட்ரோலில் ஊறிய ரிங் உப்பிப்போய் காடிக்குள் அடங்காது. வெளியே பிதுங்கி நிற்பதை அப்படியே முறுக்கிவிடுவார்கள். இன்ஜின் ஓடும்போது மேனிஃபோல்டு ஓரத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் சத்தம் மாறும். ஓட்டை அங்கேதான். ஆர்எக்ஸ் போன்ற டூ-ஸ்ட்ரோக்கில் இதை விட்டுவைக்கக் கூடாது. காற்று கூடினால் பெட்ரோல் குறைந்ததாகிவிடும். சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஸ்லோ ஸ்க்ரூவை வெளியே எடுத்துச் சத்தத்தை மட்டும் அமுக்கி அனுப்பிய கடைகளும் உண்டு. செஞ்சி போய்ச் சேர்வதற்குள் வண்டி நிற்கும்.

ஏர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே விட்டு ஒன்றரைச் சுற்று வெளியே எடு என்பார்கள். அது தொடங்குவதற்கான இடம், அவ்வளவுதான். மிச்சத்தைக் காது சொல்லும், அதுவும் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 வந்தது. மூட்டை சுமக்கும் எக்ஸ்எல் 100இல்கூட இன்ஜெக்‌ஷன். திருகுவதற்கு ஸ்க்ரூவே இல்லை. கார்பரேட்டர் போய் த்ராட்டில் பாடி வந்தது, வியாதி மட்டும் போகவில்லை. கரி படிந்த த்ராட்டில் பாடிக்குப் பழகிப்போன கம்ப்யூட்டர், அதைத் துடைத்ததும் சில வண்டிகளில் தடுமாறி ரேஸை ஏற்றிவிடும். ஸ்கேனர் மாட்டி பழைய கணக்கை அழிக்க வேண்டும். என்னிடம் வேலை பழகிய பையன் இப்போது அந்த ஸ்கேனரோடு பாண்டி ரோட்டில் கடை வைத்திருக்கிறான். ஆர்எக்ஸ் வந்தால் மட்டும் என்னிடம் அனுப்புகிறான். கூலியில் பாதி கேட்கிறான், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.