காவலுக்குக் கொடுத்த கூலி

ஊராட்சியில் கட்டின வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒன்று இருக்கும். 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தபோது, சொத்து வரியோடு சேர்த்து நூலகத்துக்கு ஒரு சிறு தொகை வாங்கலாம் என்று எழுதி வைத்தார்கள். அதனால் குண்டடத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்காரர் லைப்ரரிக்குத் தன் பங்கு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். போலீசுக்கு எவ்வளவு, தீயணைப்பு வண்டிக்கு எவ்வளவு என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. அவரிடம் மட்டுமில்லை, யாரிடமும் இருக்காது.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கதை வேறு. அங்கே பல சிற்றூர்களில் போலீசுக்கும் தீயணைப்புக்கும் தனித்தனியாக ஒரு சொத்து வரி. பெரும்பாலும் ஐந்து வருடக் கெடு. கெடு முடியும்போது தேர்தலோடு சேர்த்து ஓட்டுக்கு விடுவார்கள்: 'இந்த வரியைத் தொடரலாமா, வேண்டாமா?' வேண்டாம் என்று ஊர் சொன்னால் வரி நின்றுவிடும், ஆட்குறைப்பும் வரும். அதனால் ஓட்டுக்கு முன்னால் தீயணைப்பு அதிகாரி ஊர்க்கூட்டத்தில் நின்று கணக்குச் சொல்லியாக வேண்டும்.

இதைப் படிக்கும்போது 'அதெல்லாம் அவங்க ஊர்ல' என்றுதான் தோன்றும். ஆனால் காவலுக்கென்று தனியாகக் கொடுப்பதும், கொடுத்ததற்குக் கணக்குக் கேட்பதும் நமக்குப் புதிதில்லை. நம்மிடம் இருந்து போனது அது. எப்படிப் போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சோழர் காலக் கல்வெட்டுகளின் வரிப் பட்டியல்களில் பாடிகாவல் என்ற சொல் வருகிறது. ஊர்க் காவலுக்கான வரி. பிறகு நாயக்கர் காலத்தில் பாளையக்காரர்கள் கைக்கு வந்தபோது அது இரண்டு அடுக்கானது. ஒரு வட்டாரம் முழுவதற்கும், அதன் சாலைகளுக்கும் தேசகாவல். ஒரே ஊரின் வீடு, களம், மாட்டுக்குத் தலக்காவல். இரண்டுக்கும் குடியானவர்கள் தானியமாகவோ பணமாகவோ கொடுத்தார்கள்.

இந்த முறையில் முக்கியமான ஒரு நிபந்தனை உண்டு. களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் பொருளின் மதிப்பை ஈடு கட்ட வேண்டும். எங்கள் ஐ.டி. பாஷையில் சொன்னால், சர்வீஸ் லெவல் அக்ரிமென்டும் அதை மீறினால் அபராதமும். கூலியும் பொறுப்பும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

இது ஏதோ பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். காவல் கொடுக்க மறுத்த ஊரில் மாடு காணாமல் போகும், வைக்கோல் போர் எரியும். காணாமல் போன மாட்டை மீட்டுத் தர 'துப்புக்கூலி' என்று ஒன்று கேட்பார்கள். பாதுகாப்பும் மிரட்டலும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன நடக்குமோ அதுவும் நடந்தது.

1799-ல் திப்பு வீழ்ந்ததும் கொங்கு நாடு கம்பெனி கைக்கு வந்தது. தென் பகுதிக்குத் தாராபுரம் தலைமையிடம்; ஹர்டிஸ் என்பவர் கலெக்டர். குண்டடம் சுற்றுவட்டாரம் தாராபுரத்துச் சீமைதான். பாளையக்காரர்களின் ஆயுதத்தையும் காவல் உரிமையையும் கம்பெனி பிடுங்கியது. காவலுக்கென்று அவர்கள் வாங்கி வந்த வருமானத்தைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. 1816-ல் வந்த பதினோராவது ரெகுலேஷன் கிராமத் தலைவரையும் தலையாரியையும் ஊர்ப் போலீசாக்கியது.

இங்கேதான் கயிறு அறுந்தது. காவலுக்கு வாங்கியது சர்க்காரோடு போனது. களவு போனால் ஈடு தரும் கடமை யாரோடும் போகவில்லை. திருட்டுக் கொடுத்தவர் இனிமேல் புகார் கொடுப்பவர் மட்டுமே.

பிறகு வந்த சட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் சர்க்காரின் தடுமாற்றம் தெரியும். 1859-ல் மாகாணத்துக்கு ஒரே போலீஸ் படை. 1864-ல் தலையாரி உள்ளிட்ட கிராம ஊழியர்களின் சம்பளத்துக்கு நிலவரியோடு ஒரு கிராம வரி, ரூபாய்க்கு ஓரணாவுக்கு மிகாமல். 1865-ன் நகர மேம்பாட்டுச் சட்டம் நகராட்சிகளின் தலையில் போலீஸ் செலவின் பெரும் பங்கைக் கட்டியது. அந்தச் சட்டப்படி 1866-ல் உருவானதுதான் கோயம்புத்தூர் நகராட்சி. நகரத்து வீட்டு வரிப் பணம் போலீசுக்குப் போகும். ஆனால் போலீசுக்கு உத்தரவு போடுவது மாகாண அரசு. 1871-ன் சட்டம் நகராட்சிகளை அந்தச் சுமையிலிருந்து விடுவித்தது. உள்ளூர் வரியில் ஊர்ப் போலீஸ் என்ற சோதனை ஆறு வருடத்தில் முடிந்தது.

ஊர்ப் பணத்தில் போலீஸ் என்பது அதற்குப் பிறகும் வந்தது, தண்டனையாக. 1899-ல் சிவகாசிக் கலவரத்துக்குப் பின் அங்கே தண்டப் போலீசை நிறுத்தி, செலவை ஊர்க்காரர்களிடமே வரியாக வசூலித்தார்கள். 1908-ல் வ.உ.சி. கைதானதும் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் ஜனங்கள் கிளர்ந்தெழுந்தபோதும் இதேதான். 'திமிர் வரி' என்றும் இதற்குப் பெயர். காவலுக்குத் தனியாகப் பணம் கொடு என்றால் அடுத்த தலைமுறைக்கு ஞாபகம் வந்தது இந்த வரியாகத்தான் இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் ஜனங்களே ஒன்றைச் செய்து பார்த்தார்கள். தாராபுரத்திலிருந்து ஒட்டன்சத்திரம் தாண்டினால் திண்டுக்கல். 1896 வாக்கில் அங்கே பல கிராமங்கள் கூடி, கள்ளர்களுக்குக் கொடுத்து வந்த காவலை நிறுத்துவது என்று சத்தியம் செய்தன. சொந்தமாகக் காவலாளி வைத்தார்கள். பொது நிதி திரட்டினார்கள். களவு போன மாட்டுக்கும் எரிந்துபோன வீட்டுக்கும் அதிலிருந்து ஈடு. போலீஸ் வரி, தீயணைப்பு வரி, இன்சூரன்ஸ் மூன்றும் ஒன்றாக, சர்க்கார் தலையீடு இல்லாமல் ஊர் தானாகப் போட்டுக்கொண்டது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மறுபக்கமும் உண்டு. காவலில் வாழ்ந்த குடும்பங்கள் வேலையிழந்தன. பல ஊர்களிலிருந்து கள்ளர்கள் விரட்டப்பட்டார்கள். அடுத்த இருபது வருடத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்கள் மேல் பாய்ந்தது. 1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். 'நம்ம ஊர் காவலை நாமே பார்த்துக்குவோம்' என்று சொல்லும்போது அந்த 'நாம்' யார், யார் வெளியே நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு போலீஸ் மாநிலப் பட்டியலுக்குப் போனது. தீயணைப்புக்கு ஒரு யோசனை இருந்தது: 1958-ல் மத்திய அரசின் ஆலோசனைக் குழு தயாரித்த மாதிரிச் சட்டம், சொத்து வரியின் மேல் 'தீ வரி' போடலாம் என்றது. 1992-ன் 74-வது திருத்தம் தீயணைப்பை நகராட்சிகளின் பதினெட்டுப் பணிகளில் ஒன்றாக எழுதியது. ஊராட்சிகளுக்கான இருபத்தொன்பது பணிகளில் அது இல்லை. பனியன் வேஸ்ட் குடோனும் நூல் மில்லும் திருப்பூர் எல்லையைத் தாண்டிக் கிராமங்களுக்குள் வந்து வருடக்கணக்காகிறது. பஞ்சில் தீப் பிடித்தால் அது ஊராட்சியா மாநகராட்சியா என்று பார்க்காது. தமிழ்நாட்டில் தீயணைப்பு எங்கேயும் மாநிலத் துறைதான்.

வரி மட்டும் ஏறுகிறது. 2022 ஏப்ரலில் நகர்ப்புறச் சொத்து வரியைக் கட்டடத்தின் வகை, அளவைப் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தினார்கள். பதினைந்தாவது நிதிக்குழுவின் மானியத்துக்கு அது நிபந்தனை என்றது அரசு. திருப்பூரில் கட்டடம் வைத்திருந்தவர்கள் கூடுதலாகக் கட்டினார்கள். எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்று யாரும் அவர்களிடம் ஓட்டுக் கேட்கவில்லை.

இப்போது நம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளுக்கு வருவோம். கொங்கில் வீடுகள் தெருவில் இல்லை, காட்டுக்குள் தனித்தனியாக இருக்கின்றன. பிள்ளைகள் திருப்பூரிலோ பெங்களூரிலோ; அப்பாவும் அம்மாவும் ஆட்டுப்பட்டியோடு. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு தோட்டத்துக்காரர்களுக்கு வந்த அறிவுரை: கேமரா வையுங்க, நாய் வளருங்க, பக்கத்துத் தோட்டத்தோட தொடர்புல இருங்க. எல்லாம் சரியான யோசனைதான். எல்லாம் அவரவர் செலவு. பெயர் மாறிய தலக்காவல், ஈடு மட்டும் இல்லை.

ஆனால் ஈடு கேட்கும் பழக்கம் சாகவில்லை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் ஆடுகளைக் கடித்துக் கொன்றபோது விவசாயிகள் செத்த ஆடுகளோடு போய் உட்கார்ந்து இழப்பீடு கேட்டார்கள். 2025-ல் அரசு தர ஒப்புக்கொண்டது. காவல் காக்க வேண்டியவர் காக்காவிட்டால் ஈடு கட்ட வேண்டும் என்பதைத் தாராபுரத்துச் சீமைக்காரர் யாரும் புத்தகத்தில் படிக்கவில்லை.

ஓஹையோ மாதிரி வரிக்கு ஓட்டு எடுக்க நம் சட்டத்தில் இடமில்லை. கொண்டுவந்தாலும் பணக்கார ஊருக்கு இரண்டு வண்டி, ஏழை ஊருக்கு ஒன்றுமில்லை என்று ஆகலாம். மாநிலம் முழுவதற்கும் ஒரே கஜானா என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்குச் சொல்வதற்கு ஓட்டு வேண்டியதில்லை. கிராமசபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. ஊராட்சி வரவு செலவை வாசிக்கிறார்கள். அதோடு இன்னும் நாலு வரி வாசிக்கலாம்: ரோந்து எத்தனை நாள் வந்தது, எத்தனை திருட்டில் எத்தனை கண்டுபிடித்தார்கள், தீயணைப்பு வண்டி கூப்பிட்டு எத்தனை நிமிடத்தில் வந்தது, பற்றாக்குறை எத்தனை ஆள். பாடிகாவல் கொடுத்தவர்களின் வாரிசுகள் கேட்கக்கூடாத அளவுக்கு இதில் ரகசியம் ஒன்றும் இல்லீங்க.