கிராமத்துக்குத் தொழிற்பயிற்சி வந்த கதை



எனக்கு அத்தை முறை ஆகிற ஒருவர் வீட்டில் ஒரு தையல் மிஷின் இருந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அதைத் துணி போட்டு மூடி, மேலே வெற்றிலைத் தட்டை வைத்திருப்பார்கள். ஆறு மாதப் பயிற்சிக்குப் போய் நன்றாகத் தைக்கக் கற்று வந்தவர்தான். ஆனால் அதே தெருவில் அதே பயிற்சி பெற்றவர்கள் எட்டுப் பேர். தைக்கத் துணி வருவதோ தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும். இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, மறுபடி நாற்று நடவே போய்விட்டார்.

தப்பு அத்தை மேலேயா? இல்லீங்க. பயிற்சியை வகுத்த விதத்தில் தப்பு. அதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

அந்தக் காலத்தில் தச்சு வேலையும் கொல்லு வேலையும் அப்பனிடம் பார்த்து மகன் கற்றது. கூலிக்குப் போகிறவர் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 1950-ல் அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஐ.டி.ஐ.க்கள் வளர்ந்தது இதில்தான். ஆனால் அதில் சேர எட்டாவதோ பத்தாவதோ தேறியிருக்க வேண்டும். அஞ்சாவதோடு நின்றவர் என்ன செய்வார்?

1964–66-ல் கோத்தாரி கல்விக் குழு, கிராமத்தாருக்கு வேளாண் தொழிற்கல்வி வேண்டும் என்று எடுத்துச் சொன்னது. 1973-ல் மோகன் சிங் மேத்தா தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் வழியில் பிறந்ததுதான் வேளாண் அறிவியல் நிலையம். நாட்டின் முதல் நிலையம் எங்கே தெரியுமா? நம் புதுச்சேரியில், 1974-ல், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்!

அதற்கு வைத்த விதிகள் எளியவை. கையால் செய்துதான் கற்க வேண்டும். நலிந்தவர்களுக்கு முதலிடம். எல்லா ஊருக்கும் ஒரே பாடம் கிடையாது. வட்டாரத்தின் தேவையை விசாரித்துத்தான் பாடம் வகுக்க வேண்டும். இன்று நாட்டில் 700-க்கு மேல் இப்படிப்பட்ட நிலையங்கள் இருக்கின்றன.

1979-ல் 'டிரைசெம்' வந்தது. ஏழைக் குடும்பத்து 18 முதல் 35 வயது இளைஞர்களுக்குச் சுயதொழில் கற்றுத்தரும் திட்டம். வட்டாரத்துக்கு 40 பேர் வீதம் வருஷத்துக்கு 2 லட்சம் பேர் என்று இலக்கு. நோக்கம் நல்லது. ஆனால் பல இடங்களில் சந்தையைப் பார்க்காமல் தலைக்கணக்கைப் பார்த்தார்கள். கற்ற தொழிலைச் செய்யாமல் போனவர்கள் ஏராளம். 1999-ல் அது வேறு திட்டத்தோடு சேர்க்கப்பட்டது.

இதில் நமக்கு என்ன பாடம்? விதை நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா? மண்ணைப் பார்த்துத்தானே விதைக்கிறோம்! பயிற்சியும் அப்படித்தான்.

ஆகவே ஊரில் பயிற்சி என்று தண்டோரா போட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். கற்றபின் வேலை கொடுப்பவர் யார், எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது? கருவிக்கும் முதலுக்கும் வழி என்ன? நடவு, அறுப்பு நாட்களில் கூலி போகாதபடி வகுப்பு வைப்பார்களா?

பதில் சரியாக வந்தால் தயங்காமல் சேருங்கள். வராவிட்டால், "எங்க ஊருக்கு எது தேவை என்று முதலில் எங்களைக் கேளுங்க" என்று சொல்லுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. காது கொடுக்க வேண்டியது எங்களைப் போன்ற அலுவலர்களின் கடமை.