துரைமார் இறங்கிய டிசம்பரில்

ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கு வாத்தியார் ஒவ்வொருத்தனாக எழுப்பி அப்பன் தொழில் என்ன என்று கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்தது. எழுந்து நின்று, ‘கேடி சார்’ என்றேன். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். ‘அதான் தெரியுதே, ஒக்காரு’ என்றார்.

எங்கள் வீட்டில் அது கௌரவமான சொல். கோல்ஃப் ஆடுகிற துரைக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவன், இந்த மேட்டுக்கு எந்தத் தடி என்று எடுத்துக் கொடுக்கிறவன், பந்து எந்தப் புதரில் விழுந்தது என்று கண்ணாலேயே அளந்து வைக்கிறவன், அவனுக்கு இங்கிலீஷில் அதுதான் பேர். போலீஸ்காரன் தன் ரிஜிஸ்தரில் இரண்டு இங்கிலீஷ் எழுத்தாக எழுதி வைத்த ‘கே.டி.’ வேறே. லைன் வீட்டிலிருந்து வந்த பறப்பையன் வாயில் அந்தச் சொல் வந்ததும் எந்த அர்த்தத்தை எடுத்துக்கொள்வது என்பதில் வாத்தியாருக்குச் சந்தேகமே வரவில்லை. சாயந்திரம் அழுதுகொண்டே வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தாத்தாதான் திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார்: ‘மெட்ராஸ் வரைக்கும் பை தூக்கிட்டுப் போன கேடி நானு. போயி அந்த வாத்திகிட்ட சொல்லு.’

அந்த மெட்ராஸ் கதையிலிருந்துதான் நான் இந்த வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன்.

தாத்தா சேலம் பக்கத்திலிருந்து மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பத்தோடு சின்னப்பிள்ளையாகக் குன்னூருக்கு மேலே வந்தவர். கவாத்து வெட்டினார், உரம் சுமந்தார். ஒருநாள் துரையின் பந்து தேயிலைக்குள் போய் விழ, எல்லாரும் தேடி அலுத்த பிறகு இவர் நேராகப் போய் எடுத்து வந்திருக்கிறார். அன்றையிலிருந்து சனி, ஞாயிறு பை தூக்குகிற வேலை. 1930களின் கடைசியில் என்பது அவர் சொன்ன கணக்கு.

நீலகிரியில் டிசம்பர், ஜனவரி எப்படி இருக்கும் என்று அங்கே பிழைத்தவர்களுக்குத் தெரியும். விடியும்போது புல் மேலே உப்புக் கொட்டினாற்போல உறைபனி. வெயில் ஏறியதும் புல் கருகும், பள்ளத்திலிருக்கிற தேயிலையும் கருகும். கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் பெண்டுகளுக்கு வேலைநாள் குறையும், கூலி குறையும், கடைக்காரன் கடன் ஏறும். அதே பனி துரைக்கு லீவு. கிறிஸ்மஸை ஒட்டிக் கட்டியிருந்த பெட்டிகளோடு சீமாட்டியையும் கூட்டிக்கொண்டு மெட்ராஸுக்கு இறங்குவார். அங்கே அப்போதுதான் சீசன். குதிரைப் பந்தயம், டான்ஸ், கோல்ஃப் எல்லாம் குளிர்காலத்தில்தான். சித்திரை பிறந்தால் எல்லாமே திரும்ப மலைக்கு ஏறும். குதிரையும் ஏறும், குதிரைக்காரனும் ஏறுவான். மெட்ராஸில் குளிர்காலப் பந்தயம், ஊட்டியில் கோடைக்காலப் பந்தயம் என்று ஒரே கிளப் நடத்தியது நம் காலம் வரைக்கும் நீண்டது.

தாத்தா நாலு டிசம்பர் அப்படிப் போயிருக்கிறார். துரைக்கு மற்றவன் கை பட்ட தடி பிடிக்காதாம். மேட்டுப்பாளையம் வரை மலை ரயில், அங்கிருந்து ராத்திரி வண்டி. துரை மெத்தைப் படுக்கையில். தாத்தா மூணாம் வகுப்பில், பையை மடியில் வைத்துக்கொண்டு, தூங்காமல். ‘தடி ஒண்ணு தொலைஞ்சாலும் ஆறு மாசக் கூலிடா சாமி.’

மெட்ராஸ் போய் இறங்கியதும் துரை சந்தோஷமாக ‘ஆகா, குளிர்’ என்பாராம். தாத்தாவுக்கு வேர்த்து ஊற்றும். மலைக் கம்பளியைத் தவிர வேறு மேல்துணி கிடையாது. முதல் நாளே அங்கிருந்த பையன்கள் மறித்துக்கொண்டார்கள். பக்கத்துச் சேரிப் பையன்கள். ‘மலையிலேர்ந்து எறங்கி வந்து எங்க சோத்துல மண்ணள்ளிப் போடறியா?’ என்று சட்டையைப் பிடித்தார்கள். பேச்சோடு பேச்சாகத் தாத்தாவின் சாதி தெரிந்தது. பிடி தளர்ந்தது. மூன்றாம் நாள் அவர்கள் வீட்டிலேயே நெத்திலிக் குழம்பு சாப்பிட்டார். ஒரு மத்தியானம் துரை தூங்குகிற நேரத்தில் அவர்களே கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடலைப் பார்த்து என்ன நினைச்சீங்க தாத்தா என்று நான் கேட்டிருக்கிறேன். ‘இதுல பந்து வுழுந்தா எவன் தேடுறது’ன்னு நெனச்சேன் என்றார்.

இந்த ஏறுவதும் இறங்குவதும் எப்படித் தொடங்கியது? கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலைக்கு வந்தார். கோத்தகிரிப் பக்கம் வீடு கட்டினார், பிறகு ஊட்டியில் கல்வீடு. தோடர்களின் நில உரிமைக்காக அவர் மேலிடத்தோடு மல்லுக்கட்டினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் சல்லிவன் இல்லை. தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளி அவர்கள் கண்ணுக்கு ஸ்காட்லாந்தாகத் தெரிந்தது. 1870 வாக்கில் சென்னை ராஜதானி அரசாங்கமே வருஷத்தில் பாதியை ஊட்டியில் கழிக்க ஆரம்பித்தது. கவர்னர், செகரட்டேரியட், கட்டுக்கட்டாகப் பைல்கள், பைலைச் சுமக்கிற ஆள்கள், அவர்களுக்குச் சமைக்கிற ஆள்கள். மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873இல், குன்னூருக்கு மலை ரயில் 1899இல், ஊட்டிக்கு 1908இல். அதுவரை மலையேறிய ஒவ்வொரு பியானோவும் ஒவ்வொரு பிராந்திப் பெட்டியும் மாட்டின் உழைப்பிலோ மனுசன் உழைப்பிலோதான் ஏறியது. ஸ்நூக்கர் ஆட்டத்துக்கு விதி எழுதி ஊட்டி கிளப்பில் மாட்டினார்கள் என்று பெருமை பேசுகிற புத்தகங்களில் அந்த மேஜையின் பலகைக்கல்லைச் சுமந்தவன் யார் என்று ஒரு வரி கிடையாது.

1891இலிருந்து 1896 வரை சென்னை கவர்னராக இருந்தவர் வென்லாக் பிரபு. ஊட்டிக்கு மேற்கே விரிந்து கிடக்கும் புல்மேடுகளுக்கு இன்றைக்கும் அவர் பேர்தான்: வென்லாக் டவுன்ஸ். குதிரையேறி நரி துரத்துகிற வேட்டைக்கும் விளையாட்டுக்குமான இடமாக அது ஆனது. ஊட்டியின் கோல்ஃப் மைதானமும் அதில்தான். தோடர் மந்துகளைச் சுற்றியிருந்த மேய்ச்சல் வெளி கைமாறிப் போன கதை இது.

இதே 1891இல் இன்னொன்றும் நடந்தது. அதைத்தான் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. டிசம்பர் 1ஆம் தேதி நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைப் பண்டிதர் அயோத்திதாசர் கூட்டினார். பத்துத் தீர்மானங்கள் போட்டார்கள். ‘பறையன்’ என்று இழிவுபடுத்திப் பேசுகிறவனைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும், நம் பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கத் தடை கூடாது. இவையெல்லாம் அதில் உண்டு. காங்கிரஸ் பிறந்து ஆறே வருஷம் ஆகியிருந்த காலம். அண்ணல் அம்பேத்கர் மோவ் ராணுவக் குடியிருப்பில் எட்டு மாசக் குழந்தை.

பண்டிதர் நீலகிரியில் வளர்ந்தவர். அவருடைய தாத்தா கந்தப்பன், ஆரிங்டன் என்ற வெள்ளைக்காரரிடம் பட்லர். திருக்குறள் ஏட்டைக் கொண்டுபோய் எல்லிஸ் கைக்குச் சேர்த்தவர் அவர்தான் என்று பண்டிதரே எழுதி வைத்திருக்கிறார். அவருடைய மைத்துனர் ரெட்டைமலை சீனிவாசனும் நீலகிரியில் வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர்தான். பட்டணம் போய் 1893இல் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கினார். பட்லர், கணக்கர், தோட்டக்காரன், குதிரைக்காரன், பை தூக்குகிறவன். மலையில் துரையின் சுகவாசத்துக்காக ஏற்றப்பட்ட நம் சனங்கள் ஊர்த்தெருவின் பிடியிலிருந்து ஒரு முழம் விலகி நின்றார்கள். மிராசுதார் இல்லாத ஊர். அந்த ஒரு முழத்தில்தான் ஒரு மாநாடு கூடியிருக்கிறது.

அது ஏன் டிசம்பர்? எனக்கு ஓர் ஊகம் உண்டு, ஊகம்தான். துரைமார் இறங்கிப் போன மாசம். பங்களாக்கள் பூட்டிக் கிடக்கும். வேலைக்காரனுக்கு அப்போதுதான் உட்கார நேரம். சீமானும் சீமாட்டியும் கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த குளிரில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு நம் ஆள்கள் கிணற்றுத் தண்ணீருக்குத் தீர்மானம் எழுதியிருக்கிறார்கள்.

இதே வென்லாக் பிரபுவின் ஆட்சியில்தான், செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் நம் மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையின் மேல் 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதன் வழியாக வந்த நிலம். பத்து வருஷத்துக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டோர் அல்லாதவருக்குக் கைமாறக் கூடாது என்று நிபந்தனை. ஒரே கவர்னர் காலத்தில் இரண்டு நிலம். துரை விளையாடிய புல்வெளி வேலியோடு, வரைபடத்தோடு அப்படியே இருக்கிறது. உழுது பிழைக்கக் கொடுத்த நிலம் எங்கே? கர்ணம் கணக்கை மாற்றினான், பண்ணையார் கடனுக்கு எழுதி வாங்கினான், கம்பெனிக்காரன் வந்து சுவர் எழுப்பினான். செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு அம்பேத்கர் சிலை வைத்தார்கள். 1994 அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரையும் பறிகொடுத்தோம்.

கிண்டியில் என்ன நடந்தது பாருங்கள். குதிரைப் பந்தய மைதானம், அதற்குள்ளேயே கோல்ஃப் மைதானம். 160 ஏக்கர் சொச்சம் அரசு நிலம். 1945இல் 99 வருஷத்துக்குக் குத்தகை. வருஷ வாடகை 614 ரூபாய் சொச்சம். மாசத்துக்கு இல்லை, வருஷத்துக்கு! சேரிக் குடிசைக்கு வாடகை கொடுத்தவன் ஒவ்வொருவனும் இந்த எண்ணை ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கணும். பாக்கி மட்டும் 730 கோடி என்று அரசாங்கம் கணக்குச் சொல்லி, 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்தது. கிளப் கோர்ட்டுக்குப் போனது. அதே வருஷம் ஊட்டியில் 52 ஏக்கர் பந்தய மைதானத்தையும் வாடகை பாக்கிக்காக அரசு எடுத்துக்கொண்டது. அங்கே பூங்கா வரட்டும், சந்தோஷம்தான். மலையில் மேய்ச்சல் வெளியை இழந்த தோடனுக்கும், கிண்டியைச் சுற்றிக் குடிசையைப் பிரித்துத் துரத்தப்பட்ட சனத்துக்கும் அதில் ஒரு சென்ட் உண்டா என்று கேட்க எந்தக் கட்சிக்கும் தோன்றவில்லை.

தடியைத் தூக்கலாம், ஆடக்கூடாது என்பது நம் ஊரோடு நிற்கிற சட்டம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரை நகரத்தில், கரும்புக் காட்டுக்குக் கூலிகளாகப் போன நம் நாட்டார் வம்சத்தில் பிறந்தவர் பப்வா செகோலம். கேடியாக இருந்தே ஆட்டம் கற்றவர், எழுதப் படிக்கத் தெரியாது. கையை மாற்றிப் பிடித்து அடிக்கிற அவர் முறையை எந்தப் பாடப்புத்தகமும் ஒத்துக்கொள்ளாது. அதை வைத்தே 1959இல் ஹாலந்து ஓப்பன் போட்டியை ஜெயித்தார். 1963இல் சொந்த ஊரில் நேட்டால் ஓப்பன் ஜெயித்தபோது மழை. வெள்ளைக்காரர்கள் கிளப் வீட்டுக்குள். ஜெயித்தவர் வெளியே, மழையில் நின்று கோப்பையை வாங்கினார். பிறகு அவரை ஆடவே விடாமல் ஒடுக்கினார்கள், 1978இல் செத்துப்போனார். புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்கி உருட்டிய பல்வங்கர் பாலு, இந்துக்கள் அணிக்குப் பந்து வீசி ஜெயித்துக் கொடுத்தார். தேநீர் மட்டும் அவருக்கு வெளியே, மண் குவளையில். டர்பனில் நிறம், புனேயில் சாதி.

எங்கள் தாத்தா இரண்டையும் பார்த்தார். ‘வெள்ளைக்காரன் இருந்த வரைக்கும் என்னை வராந்தாப் படி ஏற விட்டதில்ல. ஒரு தடவ பந்து தொலைஞ்சதுக்கு ஒதைச்சிருக்கான். ஆனா சமையக்கட்டு நம்ம ஆளுங்க கையில இருந்துச்சு, தண்ணிக்கு வேத்துமை இல்ல. அவன் போனான். நம்ம ஊரு பெரிய மனுசங்க மெம்பரா வந்தாங்க. மொத மாசம் சமையக்காரன மாத்துனாங்க. ரெண்டாம் மாசம் கேடிப் பசங்களுக்குன்னு கொட்டாய்ல தனி டம்ளர் வந்துச்சு.’ எந்தக் கிளப் என்று எழுத வேண்டாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. அந்த டம்ளரில் அப்பாவும் குடித்திருக்கிறார். அலுமினியம், விளிம்பு நசுங்கியது. வெள்ளைக்காரனை நல்லவனாக்க இதைச் சொல்லவில்லை. உதைத்ததையும் சேர்த்துத்தான் தாத்தா சொன்னார்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து அனுப்பப்பட்ட சனங்கள் நீலகிரிக்கு வந்தார்கள். அரசு தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்காகவே போடப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். நுவரெலியாவில் 1889இலேயே கோல்ஃப் கிளப் உண்டு. அங்கே பை தூக்கிய ஒருத்தர் எங்கள் லைனுக்குப் பக்கத்து லைனில் குடிவந்தார். அவரும் தாத்தாவும் திண்ணையில் உட்கார்ந்து, எந்த ஊர்த் துரைக்குக் கை கோணல் என்று ராத்திரி வரைக்கும் சண்டை போடுவார்கள்.

போன டிசம்பரில் மலைக்குப் போயிருந்தேன். மாநாடு கூடிய ஊருக்கு அந்தத் தேதியில் போய் நிற்கணும் என்று ஓர் ஆசை. காலையில் ஒரு கோல்ஃப் மைதானத்து வேலி ஓரமாக நின்று புல்லில் உறைபனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலுக்கு இருந்த பையன் வந்தான். காதைச் சுற்றி மப்ளர். ‘சார், மெம்பரா?’

‘இல்ல தம்பி. எங்கப்பா இந்த மாதிரி எடத்துல கேடி.’

அவன் சிரிக்கவில்லை. கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, ‘எந்த லைன்ணே?’ என்றான்.