செருப்பைக் கழற்ற முடியாத கால்

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி, காலணியை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் உள்ளே செல்கிறார். காலணியின் குதிப்பகுதி நாள் முழுவதும் தந்த ஓரிரு சென்டிமீட்டர் உயரம் அந்தக் கணத்தில் நீங்கிவிடுகிறது. அவர் அதை உணர்வதில்லை. கணுக்கால் மடங்கி, வேறுபாட்டைத் தானே சரிசெய்துகொள்கிறது. கணுக்கால் மடங்காத ஒருவருக்கு அந்த வாசற்படி எத்தகையது?

குதி உயர்ந்தால் உடலின் எடை முன்பாதத்திற்கு நகர்கிறது; நடையின் எட்டு குறுகுகிறது; முழங்கால் சற்று மடிந்தே இயங்குகிறது. குதியுயர்ந்த காலணி நடப்பதற்கென்று தோன்றியதும் அன்று. அங்கவடியில் கால் நழுவாதிருக்கப் பாரசீகக் குதிரை வீரர்கள் அதனை அணிந்தனர். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசவைகளில் அது உயர்குடியின் அடையாளமாயிற்று. காலப்போக்கில் தாழ்ந்த குதியுடைய காலணியே அங்கு அன்றாட வழக்காக நிலைத்தது.

இவ்வழக்கத்தின் மீதே 1950களில் அமெரிக்காவில் சாச் எனப்படும் செயற்கைப் பாதம் உருவாக்கப்பட்டது. அதற்குக் கணுக்கால் மூட்டு இல்லை. குதியிலுள்ள மென்மையான ரப்பர் அமுங்கி, மூட்டின் வேலையை ஓரளவு செய்தது. அணிபவரின் காலணிக் குதியுயரத்திற்கு ஏற்ப அதன் சாய்வு முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தது. காலணியைக் கழற்றினால் கால் பின்னோக்கிச் சாயும். சமதளமும் மேடேறுவது போலாகும். அதைவிட உயர்ந்த குதி அணிந்தாலோ முழங்கால் முன்னோக்கித் தள்ளப்படும்.

காலணியோடு உறங்கச் செல்லும்வரை வாழும் சமூகத்தில் இது பெருங்குறையன்று. சேற்றில் நாற்று நடுபவருக்கும், கோயிலுக்குள் செல்பவருக்கும், தரையில் சம்மணமிட்டு உண்பவருக்கும் அது பயன்படவில்லை. ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையின் எலும்பியல் மருத்துவர் பி. கே. சேத்தி, நோயாளிகள் மேலைநாட்டு வகைச் செயற்கைக் கால்களை ஒதுக்கிவிட்டு ஊன்றுகோலுக்குத் திரும்புவதைக் கண்டார். குறை நோயாளியிடம் இல்லை, பாதத்தின் அமைப்பில் இருக்கிறது என்பது அவர் வந்தடைந்த முடிவு.

1960களின் இறுதியில், முறையான கல்வி அதிகம் பெறாத கைவினைஞர் ராமச்சந்திர சர்மா அவருடன் இணைந்து ஜெய்ப்பூர் பாதத்தை உருவாக்கினார். ரப்பரும் மரமும் கொண்ட அப்பாதம் பல திசைகளில் வளைந்தது, நீரில் நனையலாம், மனிதப் பாதத்தின் வடிவையும் நிறத்தையும் ஒத்திருந்தது. யாவற்றினும் மேலாக, அதனை அணிந்து வெறுங்காலுடன் நடக்க முடிந்தது. 1975இல் ஜெய்ப்பூரில் நிறுவப்பட்ட பகவான் மகாவீர் விக்லாங்க் சகாயதா சமிதி அதனை இலவசமாகப் பரவலாக்கியது. 1981இல் சேத்திக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

அதே 1981இல் திருச்சி அருகே நிகழ்ந்த பேருந்து விபத்தையடுத்து, பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் தம் வலக்காலை இழந்தார். ஜெய்ப்பூர் பாதம் பொருத்திப் பயின்று, 1984இல் மீண்டும் மேடையேறினார். பரதம் வெறுங்காலில் தரையைத் தட்டி ஆடும் கலை. குதியுயரத்தை நிலையாகக் கொண்ட பாதம் அவருக்கு நடையைத் தந்திருக்கலாம். சலங்கையைத் திருப்பித் தந்திருக்குமா என்பது ஐயமே.

சாச் பாதத்தைச் செய்தவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். மனிதன் என்றால் காலணி அணிந்தவன் என்று கொண்டார்கள், அவ்வளவே. அந்த எடுகோளை ஒரு மருத்துவரும் ஒரு கைவினைஞரும் சேர்ந்து மாற்றியபின், கால் இழந்த பல்லாயிரம் பேர் செருப்பை வாசலில் விட்டு வீட்டுக்குள் நடந்தனர்.