கல்லறை இல்லாதார் குடிவழி

சுடலையிலே தகனஞ்செய்து அஸ்தியைக் கீரிமலைக் கடலிற் கரைக்கும் யாழ்ப்பாணத்துச் சைவர்க்குப் பெயர் பொறித்த கல்லறை பெரும்பாலும் இல்லை. அந்தியேட்டியன்று வெளியிடும் நினைவு நூலுக்கே ‘கல்வெட்டு’ என்று பெயரிட்டனர் எம்மவர். அவற்றுட் பலவற்றில் வமிசாவளியும் உண்டு.

அதனைச் சரிபார்க்கக் காணி உறுதிகளை நோக்குக. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையின்படி, முதுசம் முன்னோர்வழி வந்தது. சீதனம் மகளுக்கு விவாகத்தின்போது கொடுத்தது. தேடியதேட்டம் விவாகத்தின்பின் ஈட்டியது. இச்சொற்களைப் பின்தொடர்ந்தாற் பாட்டன் பாட்டியர் ஒவ்வொருவராக வெளிப்படுவர். பிறப்பு இறப்புப் பதிவுகள் ஆண்டுகளை உறுதிசெய்யும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது கிடைத்தற்கரிய ஏடுகள் சாம்பலாயின. ஆதலின், இளைஞர்காள், வீட்டுப் பெட்டகத்திலுள்ள உறுதியையும் கல்வெட்டையும் இன்றே படியெடுத்து வைப்பீர்களாக.