வறுமையும் பள்ளிக்கல்வியும்: தமிழ்நாட்டின் நூறாண்டு அனுபவம்

வறுமை குழந்தையின் கல்வியைப் பல வழிகளில் தடுக்கிறது. பள்ளிக் கட்டணம் அவற்றுள் ஒன்று மட்டுமே. பசி, உடை, பள்ளி இருக்கும் தொலைவு, குழந்தையின் உழைப்பை நம்பியிருக்கும் குடும்பம், படிக்க இடமில்லாத வீடு ஆகியவை மற்ற தடைகள். தமிழ்நாட்டில் 1920 முதல் எடுக்கப்பட்ட கல்வி நடவடிக்கைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், இத்தடைகள் ஒரே நேரத்தில் கண்டறியப்படவில்லை என்பது தெரியும். ஒன்றை நீக்கியபோதுதான் அதன் பின்னால் இருந்த அடுத்த தடை கண்ணுக்குத் தெரிந்தது.

ஆயிரம் விளக்குப் பள்ளி

சென்னை மாநகராட்சியின் தலைவராக பிட்டி தியாகராயர் இருந்தபோது, 1920 செப்டம்பரில் மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் குழந்தைகளுக்கு, ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்க அத்தீர்மானம் வழிசெய்தது. அங்கு படிப்போர் ஏழைகள், வறுமையால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை பாதிக்கப்படுகிறது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. இந்த ஐந்து பள்ளிகளில் 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆக உயர்ந்தது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அன்றைய அரசு ஒப்பாததால், 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. உணவு கல்விச் செலவா, இல்லையா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. பின்னர் 1927இல் ஏழை மாணவர்களுக்கு மட்டும் அது மீண்டும் தொடங்கியது.

அரைநாள் பள்ளியும் மதிய உணவும்

சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி, 1953இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேர வகுப்பு முறையைக் கொண்டுவந்தார். மீதி நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கும் வழி என்று அரசு விளக்கியது. சாதித் தொழிலுக்குள் பிள்ளைகளை முடக்கும் குலக்கல்வி என்று எதிர்ப்பாளர்கள் கண்டித்தனர். 1954இல் முதலமைச்சரான காமராசர் அதனைக் கைவிட்டார்.

அவர் காலத்தில் ஊர்தோறும் தொடக்கப் பள்ளிகள் திறக்கப்பட்டுத் தொலைவு என்னும் தடை குறைந்தது. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் ஊர்மக்கள் தந்த அரிசியும் காய்கறியும் பணமும் அதற்கு ஆதாரமாயின. பின்னர் அரசு மானியம் சேர்ந்தது. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வழியாகக் கட்டடம், மேசை, சீருடை ஆகியவற்றையும் மக்கள் வழங்கினர்.

1982 ஜூலை 1 அன்று எம். ஜி. இராமச்சந்திரன் திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஊராரின் கொடையை நம்பியிருந்த உணவு, அமைப்பாளரும் சமையலரும் கொண்ட அரசுப் பணியாக மாறியது. 1989இல் முட்டையும் சேர்க்கப்பட்டது. சமைத்த மதிய உணவை நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் ஆணையிட்டது.

காமராசர், எம்.ஜி.ஆர். இருவருமே சிறுவயதில் தந்தையை இழந்து, வறுமையால் பள்ளிப் படிப்பை நிறுத்தியவர்கள். ஒருவர் துணிக்கடைக்கும், மற்றவர் நாடகக் கம்பெனிக்கும் சென்றனர். பள்ளியை விட்டு நின்ற குழந்தைக்கு அறிவுத்திறன் இல்லை என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு இவர்களே சான்று.

வேலைக்குச் சென்ற குழந்தைகள்

உணவு மட்டும் எல்லாக் குழந்தைகளையும் பள்ளிக்குக் கொண்டுவரவில்லை. சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலைகளின் வண்டிகள் விடியும் முன்பே கிராமங்களுக்கு வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்றன. வானம் பார்த்த பூமியில் விளைச்சல் பொய்த்த குடும்பங்களுக்குக் குழந்தையின் கூலி தவிர்க்க முடியாததாக இருந்தது. ஒருவேளைச் சோறு குழந்தையின் பசியைத் தீர்த்ததே தவிர, வீட்டின் கடனைத் தீர்க்கவில்லை.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகள் தொடர்பான வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை தருவது பற்றியும் அத்தீர்ப்பு பேசியது. குழந்தையின் படிப்பு பெற்றோரின் வருமானத்தோடு பிணைந்தது என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டதாக இதனைக் கொள்ளலாம்.

வருகையிலிருந்து தேர்ச்சிக்கு

பள்ளிக்கு வருவதும் கற்பதும் ஒன்றல்ல. இரத்தசோகையுள்ள குழந்தை விரைவில் சோர்வடையும். பாடத்தில் கவனம் நிலைக்காது. ஒற்றை அறை வீட்டில் வீட்டுப்பாடம் எழுத அமைதி கிடைப்பதில்லை. பெற்றோர் எழுத்தறியாதவராக இருந்தால் ஐயம் கேட்க ஆளில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இவ்விடத்தில் தனிப்பயிற்சி கைகொடுக்கிறது.

கொரோனா காலத்தில் இந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. பாடம் கைப்பேசிக்கு மாறியபோது, கைப்பேசி இல்லாத குழந்தைக்கு வகுப்பறையே இல்லாமல் போனது. அந்த இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. மருத்துவக் கல்வியில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் 2020ஆம் ஆண்டுச் சட்டமும், பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட இயலாதவருக்கு ஒரே நுழைவுத்தேர்வு சமவாய்ப்பு ஆகாது என்ற கருத்திலிருந்தே பிறந்தது.

பசி என்னும் முதல் தடையும் முற்றிலும் நீங்கிவிடவில்லை. அதிகாலையில் வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்ததால், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது.

முடிவுரை

ஒரு மாணவர் பின்தங்கும்போது அவர் முயற்சி போதவில்லை என்று சொல்வது எளிது. ஆயிரம் விளக்குப் பள்ளியில் 1920இல் எழுப்பப்பட்ட கேள்வி வேறு: அந்தக் குழந்தை சாப்பிட்டதா? கட்டணம் இல்லாத பள்ளி கல்விக்கு முதற்படிதான். வயிறும் வீடும் குடும்ப வருமானமும் துணைநின்றால்தான் ஏழைக் குழந்தைக்கு அந்தப் பள்ளி முழுப்பயன் தரும்.