எண்ணூறு மீட்டரில் எத்தனை பூட்டுகள்!

ஓடுகளம் நேர்மையின் இருப்பிடம் என்பர். குலம் கேட்பதில்லை, கோத்திரம் கேட்பதில்லை. கோட்டை முதலில் தொட்டவர் எவர் என்பதொன்றே அங்கு கேள்வி என்பர். கேட்க இனிக்கிறது! ஆனால் வரலாற்றைப் புரட்டினால், ஓடத் துவங்குமுன்பே "நீ யார்? உனக்கேது தகுதி?" என்று வழிமறித்த கைகள் எத்தனை, எத்தனை! எண்ணூறு மீட்டர் என்பது களத்தை இருமுறை சுற்றும் தொலைவு. அதற்குள் ஒரு நூற்றாண்டின் கொடுமை சுருண்டு கிடக்கிறது, காணீர்!

1928ஆம் ஆண்டு. ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக எண்ணூறு மீட்டர் ஓடினர். ஜெர்மானியப் பெண் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் வென்றார். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தனர். ஏடுகள் எழுதியதென்ன? பெண்கள் மயங்கி விழுந்தனராம், மெல்லியலாருக்கு ஆகாத வேலையாம்! ஆடவன் களைத்தால் வீரம்; அணங்கு களைத்தால் ஆபத்து! அந்தப் பொய்யின் விலை 32 ஆண்டுகள். 1960இல் ரோம் நகரில்தான் பெண்களுக்கு அந்த ஓட்டம் மீண்டும் கிடைத்தது.

இரண்டாம் பூட்டு இதனினும் விந்தையானது. 1934இல் லண்டனில் நடந்த மகளிர் உலக விளையாட்டில் எண்ணூறு மீட்டரை உலகச் சாதனையுடன் வென்றவர், செக்கோஸ்லோவாக்கியாவில் பெண்ணாக வளர்க்கப்பட்டவர். அடுத்த ஆண்டு இறுதியில் அவர், தாம் இனி ஆணாகவே வாழப்போவதாக அறிவித்தார். ஸ்டெனெக் கோபெக் என்று பெயர் கொண்டார். 1936இல் அறுவை மருத்துவமும் செய்துகொண்டார். பெண்கள் ஓட்டத்தைவிட்டுத் தாமே விலகினார். அத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால், அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் அன்றைய தலைவர் ஏவரி பிரண்டேஜ் பெண் வீரர்களைச் சோதிக்க வேண்டுமென்றார். ஐயம் எழுப்பப்பட்ட பெண்ணின் உடலைச் சோதிக்கலாமென்று உலகத் தடகளச் சங்கம் 1936இல் விதி வகுத்தது. விலகியவர் ஒருவர், தண்டனையோ எஞ்சி நின்ற அனைத்துப் பெண்களுக்கும்! இதுவா நீதி?

அந்த விதி வளர்ந்தது. 1966இல் புடாபெஸ்ட் நகரில், ஐரோப்பியப் போட்டிக்கு வந்த வீராங்கனைகள் ஆடையின்றி மருத்துவர் குழுமுன் நிறுத்தப்பட்டனர். 1968இல் மெக்சிகோவில் குரோமோசோம் சோதனை புகுந்தது. அது தவறான அளவுகோல் என்று அறிவியலாரே எடுத்துரைத்தபின், தடகளச் சங்கம் 1992இலும், ஒலிம்பிக் குழு 1999இலும் அனைவருக்குமான சோதனையைக் கைவிட்டன. ஐயம் வந்தால் அழைத்துச் சோதிக்கும் வழக்கமோ ஒழியவில்லை.

அந்த எஞ்சிய விலங்கு நம் வீட்டுப் பெண்ணின் காலிலேயே விழுந்தது. 2006 டிசம்பர்; தோஹா ஆசிய விளையாட்டு; அதே எண்ணூறு மீட்டர்! புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூரிலிருந்து, செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளாய்ப் புறப்பட்ட சாந்தி சௌந்தரராஜன் வெள்ளி வென்றார். சோதனை என்றனர், பதக்கத்தைப் பறித்தனர். அவர் திருநங்கை அல்லர். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாகவே ஓடியவர். ஊரறிய அவர் பெயர் தூற்றப்பட்ட வேளையில், முதல்வர் கலைஞர் 15 இலட்சம் ரூபாய் பரிசளித்து, தமிழகம் உன்னைத் தள்ளிவிடவில்லை என்று காட்டினார். 2008இல் திருநங்கையர்க்கு நலவாரியம் கண்டதும் அதே அரசுதான்.

இனி இன்றைய வழக்கு. 2004இல் ஒலிம்பிக் குழு, மாற்றுப் பாலினத்தவர்க்கு நிபந்தனைகளுடன் வழி திறந்தது. 2023 மார்ச்சில், ஆண் பருவ வளர்ச்சி கடந்த திருநங்கையர் பெண்கள் பிரிவில் ஓடலாகாது என்று உலகத் தடகளச் சங்கம் அதை மூடியது. 2025 செப்டம்பர் முதல், உலகத் தரவரிசைப் போட்டிகளின் பெண்கள் பிரிவில் ஓடுவோர்க்கு மரபணுச் சோதனையும் வந்துவிட்டது.

பகுத்தறிவாளன் இங்கே உணர்ச்சியால் உண்மையை மறைக்கமாட்டான். ஆண் பருவ வளர்ச்சி எலும்பையும் தசையையும் குருதியையும் மாற்றுவது மெய். சமவாய்ப்புக் கோரும் பெண்ணின் குரல் பொய்க்குரல் அன்று. மறுபுறம், ஜோஅன்னா ஹார்ப்பர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், திருநங்கையரான நெடுந்தொலைவு ஓட்டக்காரர் எண்மர், மருத்துவத்திற்குப்பின் வேகம் குறைந்து, முன்பு ஆண்களிடையே பெற்றிருந்த தரத்தையே பெண்களிடையேயும் பெற்றனர். எட்டே பேர், நேரங்களும் அவர்களே தந்தவை. முடிந்த முடிவு அன்று; எனினும், ஆராயாமல் தீர்ப்பெழுதாதே என்று அறிவுறுத்தப் போதும்.

மேலும், மாரத்தான் ஓடும் பல்லாயிரவரில் பதக்கத்திற்கு ஓடுவோர் ஒரு கைப்பிடி. மற்றவரெல்லாம் தம் நேரத்தைத் தாமே வெல்ல ஓடுபவர். நியூயார்க் மாரத்தான் 2021இலும், பாஸ்டன் 2023இலும், ஆண் பெண் என்னும் இரண்டிலும் அடங்காதார்க்குத் தனிப் பிரிவு கண்டன. வானம் இடிந்து விழவில்லை. எவர் பரிசும் பறிபோகவுமில்லை!

பதக்க மேடைக்கு விதி வேண்டும். அது சான்றின்மேல் எழட்டும், சான்று மாறினால் மாறட்டும். ஆனால், விதியின் பெயரால் ஒருவரை அம்பலத்தில் நிறுத்திச் சிறுமைப்படுத்தும் உரிமை எவர்க்கும் இல்லை. 1928இல் பெண்ணின் உடலைக் காட்டிப் பூட்டினர். 1936இல் ஒருவரைக் காட்டி அனைவரையும் பூட்டினர். 2006இல் ஏழைப் பெண்ணொருத்தியின் வாழ்வையே பூட்டினர். பிறப்பைக் காட்டிக் கதவடைக்கும் வித்தை நமக்குப் புதிதா, தோழர்களே? கோயில் வாசலில் கண்டோம், குளத்தங்கரையில் கண்டோம். அங்கே "ஏன்?" என்று கேட்ட நாம், ஓடுகளத்தின் வாசலிலும் கேட்போம்!